சுணங்கிய பதினொரு நாற்றுகள்

என் கை நீளும் கை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் ஆச்சரியப்பட வேண்டியிருக்காது. பருத்திப்பட்டில் எங்கள் தெருவில் என்னிடம் அடி வாங்காத ஆண்பிள்ளைகள் குறைவு. மாட்டை அடித்திருக்கிறேன், மாட்டுக்காரனை அடித்திருக்கிறேன். ஒருமுறை கிணற்று ஏற்றம் சரியாக இறங்கவில்லை என்று அதன் மரத்தைக் கோடாலியால் வெட்டிச் சாய்த்துவிட்டு, மூன்று நாள் செடிகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்திருக்கிறேன். கோபம் உனக்கு மூக்கு நுனியிலேயே குந்திக்கொண்டிருக்கிறது என்பாள் என் மனைவி. அவளை மட்டும் நான் அடித்ததில்லை. நான் நல்லவன் என்பதால் அல்ல. அவள் திருப்பி அடிப்பாள்.

செடி வளர்ப்பவன் சாதுவாக இருப்பான் என்று பங்களாக்காரர்களுக்கு ஓர் எண்ணம். எனக்கு ஏரியை ஒட்டி முக்கால் காணி நிலம் இருந்தது. அதில் கனகாம்பரம், அரளி, இட்லிப்பூ, குரோட்டன்ஸ் எல்லாம் வளர்த்து, அம்பத்தூர்ப் பக்கத்து பங்களாக்களுக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ்களுக்கும் மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்புவேன். அந்த வேலையில் பாதி கொலைதான். நூறு விதை முளைத்தால் முப்பதைத்தான் வைத்துக்கொள்வோம். மற்றதைப் பிடுங்கி எறிய வேண்டும், அதுவும் யோசிக்காமல். இரக்கப்படுகிறவன் பாத்தியில் எதுவும் உருப்படாது. அதிலும் இலை சுருண்டு, தடித்து, வளராமல் அப்படியே நிற்கிற நாற்றைக் கண்டால் ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது. அதற்கு எங்கள் பக்கத்தில் சுருட்டை என்று பெயர். பக்கத்துச் செடிகளுக்குப் பரவிவிடும். பிடுங்கினால் மட்டும் போதாது, கொளுத்திவிட வேண்டும். பத்துப் பாத்தி தள்ளி நின்றே சுருட்டை வந்த நாற்றை நான் கண்டுபிடித்துவிடுவேன். அந்தக் கண்ணைப் பற்றி எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான வருஷம் அது. ரயிலிலும் வண்டியிலும் கால்நடையாகவும் ஜனங்கள் எங்கள் பக்கம் வந்து குவிந்தார்கள். எங்கே பார்த்தாலும் அடிதடி. இடத்துக்குச் சண்டை, கிணற்றுத் தண்ணீருக்குச் சண்டை. ஆவடி ஸ்டேஷன் வாசலில், தன் பெட்டியை ஏற்ற மறுத்த வண்டிக்காரனின் காதை ஒரு பெரிய மனிதர் கடித்துத் துப்பியதை என் கண்ணால் பார்த்தேன். நெற்றியில் திருநீறு, கழுத்தில் பட்டு அங்கவஸ்திரம், வாயெல்லாம் ரத்தம். சேக்காட்டுப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் முகாமுக்காக நிலத்தை அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். யார் நிலம் தப்பும், யார் நிலம் போகும் என்று தெரியாமல் ஊரே ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் என் மச்சான் வந்து இறங்கினான். என் மனைவியின் ஒரே தம்பி. தலையில் தகரப்பெட்டி. கையில் ஒரு பிஸ்கட் டப்பா. பெட்டியைத் தொப்பென்று போட்டவன் டப்பாவை மட்டும் பிள்ளையைக் கிடத்துவது போலக் கீழே வைத்தான். உள்ளே பஞ்சுக்கு நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது.

"இன்னாடா மச்சான் இது, அத்தரா?" என்றேன்.

"விஷம் மாமா. மூடியத் தொறந்துறாத."

அவன் பட்டணத்தில் ஒரு காலேஜில் அட்டெண்டர். தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் வேலை. சவரக்கத்தியால் செடியின் தண்டை அவன் சீவினால், சீவல் கண்ணாடி போல இருக்குமாம். அதை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்ப்பார்களாம். அப்படிச் சீவ அவனுடைய புரொபசருக்கே வராது. அந்த வலது கைக்காகத்தான் அவனை ஏழு வருஷமாக வைத்திருந்தார்கள். ஆனால் ஏழு வருஷமும் தற்காலிகம்தான். எந்த நாளிலும், நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிடலாம். கலியாணத்துக்குப் பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம், வேலை பர்மனென்ட் ஆகட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

காலேஜை மூடிவிட்டு எல்லோரும் ஊரைப் பார்க்க ஓடியபோது புரொபசர் இவனைக் கூப்பிட்டு பாட்டிலையும் ஒரு பொட்டலம் கனகாம்பர விதையையும் கொடுத்திருக்கிறார். உன் அக்காள் வீட்டில்தான் நாற்றங்கால் இருக்கிறதே, அங்கே போய் இந்தப் பரீட்சையைச் செய். ஒரு செடி, ஒரே ஒரு செடியை இரட்டிப்பாக்கிக் காட்டு. உன் வேலையைப் பர்மனென்ட் ஆக்குவது என் பொறுப்பு என்று சொன்னாராம். என் மனைவி அங்கேயே நின்று, பூந்தமல்லி அம்மனுக்கு ஒரு புடவை என்று வேண்டிக்கொண்டாள்.

"இரட்டிப்புன்னா இன்னா? ஒரு செடியில ரெண்டு செடியா?" என்று கேட்டேன்.

அவன் தரையில் குச்சியால் கோடு போட்டு விளக்கினான். "செடி ஒடம்பு பூரா சின்னச் சின்ன ரூமு மாமா. ஒவ்வொரு ரூமுக்குள்ளயும் துண்டு துண்டா நூலு மாதிரி கீது. குரோமோசோம்னு பேரு. செடி வளரணும்னா ஒரு ரூமு ரெண்டு ரூமா ஆவணும். அதுக்கு முன்னாடி நூலு எல்லாம் ரெட்டிச்சிக்கும். அப்பால பாதி இந்தாண்ட, பாதி அந்தாண்ட போவும், நடுவுல சொவரு எயும்பும். இந்த மருந்து பட்டுச்சின்னா நூலு ரெட்டிக்கும், ஆனா பிரிஞ்சி போவ முடியாது. சொவரும் எயும்பாது. அல்லாம் ஒரே ரூமுல மாட்டிக்கும். அப்பால அதுலேர்ந்து வர்ற கெளை, பூ அல்லாம் ரெட்ட நூலோட வரும். எல தடிக்கும். பூ பெருசாவும்."

"அப்போ செடியோட கயுத்தப் புடிச்சி நெறிக்கிற."

"அப்பிடித்தான். ஜாஸ்தி நெறிச்சா செத்துரும். கம்மியா நெறிச்சா ஒண்ணும் ஆவாது. சரியா நெறிக்கணும்."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. மேலே ஏதேதோ சொல்லிக்கொண்டே போனான். அவன் பேசினால் நான் பாதிதான் காதில் வாங்குவேன். பட்டணத்துக்காரன், அதிலும் மச்சான், அதிலும் என்னைவிட ஆறு வயது சின்னவன். மீதிப் பாதியையும் கேட்டிருக்கலாம் என்று பிறகு ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன்.

நடுப்பாத்தியை அவனுக்கு விட்டுக்கொடுத்தேன். விதை முளைத்து இரண்டு விதையிலைகளும் விரிந்ததும், அவற்றுக்கு நடுவே இருக்கிற குருத்தின் மேல் கடுகளவு பஞ்சை வைப்பான். பிறகு மெல்லிய கண்ணாடிக் குழாயால் அந்தப் பஞ்சின் மேல் ஒரு சொட்டு. காலையில் ஒரு முறை, பத்து மணிக்கு ஒரு முறை, வெயில் தாழ்ந்து ஒரு முறை. பஞ்சு காயக்கூடாது, சொட்டு வழிந்து வேருக்கும் போகக்கூடாது. மண்ணில் மண்டியிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, நூறு நாற்றுக்கும் அப்படிச் செய்வான். கை ஒரு முறைகூட நடுங்கியதில்லை. வேலையை விட்டுவிட்டு நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என் விரல் ஒவ்வொன்றும் வெண்டைக்காய் முற்றினது மாதிரி இருக்கும். பொறாமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஒரு வாரத்தில் பாதி நாற்றுகள் செத்தன. குருத்து கறுத்து, கழுத்து தொய்ந்து விழுந்தன. அதே வாரத்தில் என் மனைவியின் பெட்டைக்கோழி பாத்தியில் புகுந்து நாலைந்து பஞ்சைக் கொத்தித் தின்றுவிட்டது. மாலைக்குள் ரத்தமாகக் கழிந்து துடிதுடித்துச் செத்தது. அவள் தம்பி மேல் சொம்பை வீசினாள். அது அவன் நெற்றியைக் கிழித்தது. நான் இதுதான் சாக்கென்று அவன் கன்னத்தில் ஒன்று வைத்தேன். அவனோ நெற்றியில் ரத்தம் ஒழுக, கோழியைச் சமைத்துவிடாதே, சமைத்துவிடாதே என்று கத்திக்கொண்டே அதைக் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தான். மறுநாள் காலையில் கட்டுப் போட்ட தலையோடு சொட்டு விட உட்கார்ந்துவிட்டான். அப்போதும் கை நடுங்கவில்லை.

மருந்து வைக்கிற நாட்கள் முடிந்து, பிழைத்த நாற்றுகள் இலை விட ஆரம்பித்தபோது, புரொபசர் பட்டணம் திரும்பிவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். பார்த்துவிட்டு வருகிறேன் என்று மச்சான் கிளம்பினான். என்னிடம் வேலை செய்த இரண்டு ஆட்களும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே சொன்னான்: "மாமா, நான் வர்ற வரைக்கும் என் பாத்தியில கை வெக்காத. தண்ணி மட்டும் தெளிக்கச் சொல்லு."

என் நிலத்தில், என் பாத்தியில், என் ஆட்களுக்கு முன்னால். அது உள்ளே போய்த் தைத்தது.

இரண்டாம் நாள் காலையில் அந்தப் பாத்திப் பக்கம் போனேன். நாற்பது, நாற்பத்தைந்து நாற்று பிழைத்திருந்தது. அதில் பெரும்பாலானவை அருமையாக வந்திருந்தன. பளபளவென்று இலை, நேரான தண்டு. பார்க்கவே வயிறு குளிர்ந்தது. அவற்றுக்கு நடுவே பதினொன்று மட்டும் விரல் உயரத்துக்கு மேல் எழும்பாமல் சுணங்கிக் கிடந்தன. கரும்பச்சையில் தடித்த இலை. ஒரு இலை கோணல், ஒரு இலை சுருக்கம், ஒன்று ஓரம் மடிந்து முறுக்கிக்கொண்டிருந்தது. சுருட்டை. சந்தேகமே இல்லை. அடுத்த பாத்தியில் அம்பத்தூர் பங்களா ஒன்றுக்காக நான் வளர்த்துக்கொண்டிருந்த இருநூறு நாற்றுகள் நின்றன.

குனிந்தேன், பிடுங்கினேன். பதினொன்றையும் பிடுங்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு பீடி பற்றவைக்கிற நேரம். ஒன்று மட்டும் மனதில் தட்டியது. சுருட்டை வந்த நாற்றுக்கு வேர் இருக்காது, தொட்டாலே கையோடு வந்துவிடும். இவை வரவில்லை. இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தது. வேரோடு ஒரு பிடி மண்ணும் வந்தது. என் கைக்குத் தெரிந்துவிட்டது. கண் கேட்கவில்லை. காய்ந்த தென்னை ஓலையை மூட்டி அதில் போட்டுக் கொளுத்தினேன். இலை தடிமனாக இருந்ததால் எரிய மறுத்து அடம் பிடித்தது. குச்சியால் கிளறிக் கிளறி எரித்தேன். பிறகு மிச்சமிருந்த அழகான நாற்றுகளுக்கு என் கையாலேயே தண்ணீர் தெளித்தேன். பாத்தியைச் சுத்தமாக்கிக் கொடுத்திருக்கிறேன், வந்து பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கெடுதல் செய்யவேண்டும் என்று செய்யவில்லை. இதை நம்ப வேண்டியது நீங்கள் இல்லை, நம்ப வேண்டியவன் நம்பவில்லை.

மூன்றாம் நாள் நடுப்பகலில் அவன் வந்தான். ஆவடி ஸ்டேஷனிலிருந்து வேகுவேகென்று நடந்து வந்திருக்கிறான், சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. முகமெல்லாம் சிரிப்பு. புரொபசர் ஞாயிற்றுக்கிழமை மைக்ராஸ்கோப்போடு இங்கேயே வருகிறார் என்று வாசலிலிருந்தே அக்காளிடம் கத்திச் சொன்னான். தண்ணீர்கூடக் குடிக்காமல் பாத்திக்குப் போனான். நான் மண்வெட்டியோடு பின்னால் போனேன். ஆட்கள் இருவரும் பக்கத்துப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, குள்ளமா நின்னுதே பதினொண்ணு, எங்க?"

"சுருட்ட வந்துச்சி. புடுங்கிக் கொளுத்திட்டேன்."

முதலில் சிரித்தான். நான் வழக்கம்போல் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டான். பிறகு வரப்போரத்தில் சாம்பலைப் பார்த்தான். போய் அதன் முன்னால் குந்தி, விரலால் துழாவினான். ஒரு கருகிய தண்டுத் துண்டை எடுத்து முகத்துக்கு அருகே வைத்துப் பார்த்தான்.

"அதான் மாமா ஆனது," என்றான். குரலே எழும்பவில்லை. பிறகு எழும்பியது. "அதான் ஆனது! மருந்து புடிச்சா செடி கொஞ்ச நாளு சொணங்கித்தான் நிக்கும், எல கோணலாத்தான் வரும், அன்னிக்கே சொன்னேனே! நல்லா நெட்டுக்குத்தா நிக்குதே, இதுங்கல்லாம் மருந்து புடிக்காதது! நல்லத அல்லாம் கொளுத்திட்டு குப்பையக் காவல் காத்துகினு கீற!"

அன்றைக்குச் சொன்னானா? சொல்லியிருப்பான்.

ஆட்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். மச்சான் இரண்டு கையிலும் சாம்பலை அள்ளி என் முகத்தில் அடித்தான். "நீயெல்லாம் ஒரு தோட்டக்காரனாயா? எரும மேய்க்கப் போ!"

இங்கேதான் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் அவன் சொன்னது பொய் என்பது அல்ல. அது மெய் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பிடுங்க வராத அந்த வேர் ஞாபகம் வந்தது. இருபது வருஷம் மண்ணைக் கிளறியவனுக்கு, நோஞ்சானுக்கும் பலசாலிக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பது தெரிந்துவிட்டது. அதைத் தாங்க முடியவில்லை. அவன் தப்பாகச் சொல்லியிருந்தால் ஓர் அறையோடு விட்டிருப்பேன்.

மண்வெட்டியைத் திருப்பி, இரும்புப் பக்கம் மேலே வரும்படிப் பிடித்து வீசினேன். தலைக்குத்தான் வீசினேன். அவன் கையை உயர்த்தினான். வலது கை. மணிக்கட்டுக்கு மேலே பட்டது. காய்ந்த கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. அவன் விழவில்லை, கத்தவில்லை. தொங்குகிற கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, அதை ஏதோ பிறத்தியார் பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான். நான் இரண்டாவது தடவையும் ஓங்கினேன். ஆமாம், ஓங்கினேன். ஆட்கள் இருவரும் என் மேல் பாய்ந்து என்னைச் சேற்றில் அமுக்கினார்கள். அதில் அவர்களில் ஒருவனுக்குப் பல் உடைந்தது.

என் மனைவி உலக்கையோடு ஓடிவந்தாள். சேற்றில் கிடந்த என் தோளிலும் முதுகிலும் மாறி மாறிப் போட்டாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே போட்டாள்.

"யோவ்! அவனுக்குக் கையிதான்யா பொயப்பு! தலையில போட்டிருக்கக் கூடாதா? தலையில போட்டிருக்கக் கூடாதா?"

பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ரயிலில் இடமில்லை, ஆஸ்பத்திரியில் பாதி டாக்டர்கள் இல்லை என்று நான் காரணம் சொன்னேன். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்பதுதான் உண்மை. சேக்காட்டிலிருந்து எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரை வரவழைத்தேன். அவர் முட்டை வெள்ளைக்கருவையும் உளுத்தமாவையும் குழைத்துத் தடவி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். இறுக்கும்போது மச்சான் என் மனைவியின் தோளைக் கடித்தான். அந்தத் தழும்பு அவளுக்குக் கடைசிவரை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புரொபசர் வந்தார். மெல்லிய மனிதர், வெயிலுக்குத் தொப்பி. மிச்சமிருந்த நாற்றுகளில் ஒவ்வொன்றிலும் ஓர் இலையின் தோலை உரித்து, வாசலில் முக்காலி போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினார். கடைசியில், சுணங்கினது ஒன்றுகூட இல்லையா என்று கேட்டார்.

"இருந்துச்சி சார். மாடு பூந்துருச்சி," என்றான் மச்சான்.

"கையில் என்ன?"

"வரப்புல வயுக்கி வுயுந்துட்டேன் சார்."

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். மண்வெட்டிக்குப் பதில் கையில் மோர்ச் சொம்பு. ஊரில் எவனிடமும் வாய் மூடி நிற்காதவன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவர் மோரைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.

கட்டைப் பிரித்தபோது எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் ஒன்றை ஒன்று தொடவில்லை. காலேஜ் திறந்ததும் போனான். சவரக்கத்தியைப் பிடித்துப் பார்த்திருக்கிறான். தண்டுக்குப் பதிலாக இடது கை விரலைச் சீவிக்கொண்டானாம். இரண்டு மாதம் புரொபசர் தாக்குப்பிடித்துப் பார்த்தார். பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். மச்சான் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. என் மனைவி எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. தட்டை வைக்கிற வேகத்தில் குழம்பு தெறிக்கும்.

அடுத்த வருஷம் பட்டாளத்துக்காரர்கள் எங்கள் பக்கமும் கல் நட்டார்கள். நிலத்தைக் காலி செய்யப் பதினைந்து நாள் தந்தார்கள். பதினாறாம் நாள் லாரிகள் வந்து, மிச்சமிருந்த அரளி வரிசை மேலேயே ஏறின. வேலியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்ற பக்கத்து நிலத்துக்காரர் ஒருவரைத் துப்பாக்கிக் கட்டையால் குத்தி விலா எலும்பை முறித்தார்கள். நானும் போயிருப்பேன். ஏனோ கை எழவில்லை. வானகரத்தில் ஒரு தோட்டம் பார்த்து, தொட்டிகளையெல்லாம் வண்டியில் ஏற்றினேன்.

மச்சான் பாத்தியில் மிஞ்சிய அந்த 'அழகான' செடிகளை நான் விற்கவில்லை. மனம் வரவில்லை. தொட்டிக்கு மாற்றி வைத்திருந்தேன். வானகரத்தில் இறக்கும்போது அவற்றில் ஒன்றின் அடிக்கிளை என் கையில் உரசியது. சொரசொரவென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். செடி முழுக்கச் சாதாரண இலை. தரையோடு கிளம்பின அந்த ஒரு கிளையில் மட்டும் இலை கரும்பச்சையாக, தடித்து, விரலுக்கு விறைப்பாக இருந்தது. அந்தக் கிளை நுனியில் பூங்கதிர். மற்றக் கிளைகளின் பூவைவிட ஒன்றரைப் பங்கு பெரிய பூ, நிறமும் கெட்டி. அவன் வைத்த சொட்டு முழுக் குருத்தைப் பிடிக்காமல் ஒரு மூலையை மட்டும் பிடித்திருக்கிறது. அந்த மூலையிலிருந்து இவ்வளவு நாள் கழித்து ஒரு கிளை வந்திருக்கிறது. நான் செடிக்கு முன்னால் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன். துக்கத்தால் அல்ல, சந்தோஷத்தால். ஒரு செடி, ஒரே ஒரு செடி என்றுதானே அந்தப் புரொபசர் கேட்டார்.

கிளையை வெட்டி மணலில் பதியம் வைத்தேன். ஒரு குழந்தைக்குக்கூட நான் அப்படிக் காவல் இருந்ததில்லை. பக்கத்தில் எட்டிப் பார்த்த ஆட்டை உதைத்து அதன் காலை ஒடித்தேன். வேர் பிடித்து, தனிச் செடியாகி, அது பூத்ததும் தொட்டியோடு தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்கு நடந்தேன். மச்சான் அங்கே கரி பஸ்ஸில் வேலை செய்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களுக்குப் பின்னால் அடுப்பைக் கட்டி, கரியை எரித்து ஓட்டின காலம். அடுப்புக்குக் கரி கொட்டி, கைப்பிடியைச் சுற்றிக் காற்று ஊத ஓர் ஆள் வேண்டும்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. அவன் இடது கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். முகம், சட்டை, பல் எல்லாம் கரி. வலது கை இடுப்போரம் மடங்கிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சுற்றுவதை நிறுத்தவில்லை.

தொட்டியை அவன் காலடியில் வைத்தேன்.

பூவைப் பார்த்தான். கைப்பிடி நின்றது. குந்தினான். இடது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஓர் இலையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தான். பூவைத் திருப்பி அடியில் பார்த்தான். அந்தக் கரி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பாத்தியில் மண்டியிட்டிருந்த நாட்களில் பார்த்த அதே முகம்.

"ஆயிருக்குது மாமா," என்றான்.

"ஆயிருக்குதுடா. உன்னுதுதான். நல்லா வளந்துச்சின்னு நான் உட்டு வெச்சதுல, ஒரு கெளையில வந்துச்சி. எடுத்துகினு புரொபசராண்ட போ. உன்ன மறுபடியும் சேத்துக்குவாரு."

அவன் எழுந்தான். என்னையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் வலது கையைப் பார்த்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்களுக்கு வேண்டியது செடி மட்டுமல்ல. செடியைச் சீவுகிற கை. இத்தனை மாதம் பதியத்துக்குக் காவல் இருந்தவன் இதை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

தொட்டியைக் காலால் எட்டி உதைத்தான். அது பஸ் சக்கரத்தில் மோதிச் சிதறியது. செடியை மிதித்தான், வேரை மிதித்தான், பூவை மிதித்தான். நசுங்கி மண்ணோடு மண்ணாகும்வரை மிதித்தான். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். பிறகு என் எதிரே வந்து, அந்த வலது கையை, தோளோடு சேர்த்து முழு உடம்பையும் திருப்பி ஓங்கி, என் கன்னத்தில் அறைந்தான்.

ஊரில் நான் அடித்த அடிகள் அத்தனைக்கும் இன்றைக்குக் கணக்குத் தீரட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஒன்றுமே இல்லை. ஈரத் துணி பட்ட மாதிரி இருந்தது. அந்தக் கையில் பலமே இல்லை.

கண்ணைத் திறந்தேன். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றான். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டான்.

"வலிச்சிச்சா மாமா?"

"வலிச்சிச்சிடா," என்றேன்.